17 ஆட்டம், 17 வெற்றி: 1972 மயாமி டால்ஃபின்ஸ் சீசன் எப்படிச் சாத்தியமானது?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக் ஆன என்.எஃப்.எல். 1920ல் தொடங்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இத்தனை காலத்தில் லீக் ஆட்டங்கள், பிளே ஆஃப், இறுதிப்போட்டி என எல்லாவற்றையும் ஒரு தோல்வியோ ஒரு டிராவோ இல்லாமல் வென்று பட்டம் வாங்கிய அணி ஒன்றே ஒன்றுதான். அது 1972ம் ஆண்டின் மயாமி டால்ஃபின்ஸ். லீகில் 14 ஆட்டம், பிளே ஆஃபில் 2, கடைசியாக சூப்பர் பவுல் எனும் இறுதிப்போட்டி. மொத்தம் 17.

கிட்டத்தட்ட வந்து தவறவிட்டவர்கள் உண்டு. 1934ல் சிகாகோ பேர்ஸ் அணி 13 ஆட்டங்களையும் வென்றுவிட்டு இறுதிப்போட்டியில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் தோற்றது. அதே சிகாகோ 1942ல் 11 வெற்றிகளோடு வந்து வாஷிங்டனிடம் மறுபடி இறுதியில் தோற்றது. 1920களில் தோல்வியே காணாத சாம்பியன்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் ஒன்றிரண்டு டிரா இருக்கும். 1948ல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் 15 ஆட்டங்களையும் வென்றது, அது வேறொரு லீகில். என்.எஃப்.எல். சாதனைப் பட்டியலில் மயாமிக்குப் பக்கத்தில் நிற்க இன்றுவரை யாருமில்லை.

இந்த சீசனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த அணியின் பலத்தைப் பற்றி எழுதுவார்கள். ஆட்டம் ஆட்டமாகப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. குறைந்தது ஆறு இடங்களில் அந்த சீசன் கைநழுவிப் போயிருக்கும். அந்த ஆறிலும் முதல் ஆளுக்குப் பின்னால் இரண்டாவது ஆள் ஒருவர் தயாராக நின்றார், அல்லது வேறெங்கோ வேண்டாம் என்று அனுப்பப்பட்ட ஒருவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். 17-0 என்ற எண்ணுக்கு அடியில் இருப்பது இந்த ஏற்பாடுதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதன் பிறகு உதைக்கும் உதைக்கு இன்னொன்று. தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. பந்தைக் கையில் வாங்கி, எறிவதா, ஓடுகிறவரிடம் கொடுப்பதா என்று ஆட்டத்தை நடத்துகிறவர் குவாட்டர்பேக். அவர் காயம்பட்டால் பெரும்பாலான அணிகளின் சீசன் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டு முறை தோற்ற பயிற்சியாளர்

டால்ஃபின்ஸ் 1966ல் தொடங்கிய அணி. முதல் நான்கு ஆண்டுகளும் தோல்விதான். 1969ல் மூன்றே மூன்று வெற்றி. 1970ல் உரிமையாளர் ஜோ ராபி, பால்டிமோர் கோல்ட்ஸ் அணியிலிருந்து டான் ஷூலாவை அழைத்து வந்தார். அழைத்த விதம் விதிக்குப் புறம்பானது என்று லீக் தீர்ப்புச் சொல்லி, 1971 முதல் சுற்றில் கல்லூரி வீரரைத் தேர்ந்தெடுக்கும் மயாமியின் உரிமையைப் பிடுங்கி பால்டிமோருக்குக் கொடுத்தது. அது பெரிய விலைதான். ஆனால் ஷூலா வந்த முதல் ஆண்டே 10 வெற்றி கிடைத்தது.

ஷூலாவின் பெயரில் ஒரு கறை இருந்தது. 1968ல் பால்டிமோரை 13 வெற்றி, ஒரே தோல்வி என்று கொண்டுபோய், 1969 ஜனவரியில் நடந்த மூன்றாம் சூப்பர் பவுலில் யாரும் எதிர்பாராத விதத்தில் நியூயார்க் ஜெட்ஸிடம் 16-7 என்று தோற்றார். அப்புறம் மயாமியோடு 1972 ஜனவரியில் ஆறாம் சூப்பர் பவுலுக்குப் போய் டல்லாஸிடம் 24-3 என்று உதை வாங்கினார். ஒரு டச்டவுன் கூட எடுக்கவில்லை. பெரிய ஆட்டத்தில் ஜெயிக்கத் தெரியாதவர் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. அடுத்த சீசனுக்கான பயிற்சி தொடங்கியதும், தோற்ற அந்த ஆட்டத்தின் படச்சுருளை முழு அணியையும் உட்கார வைத்துப் பார்க்கச் செய்தார். யாரையும் திட்டுவதற்காக அல்ல. இறுதிப்போட்டிக்குப் போய்த் தோற்றால் அந்த ஆண்டுக்கு மதிப்பே கிடையாது என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி உறைக்க வேண்டும் என்பதற்காக.

100 டாலர்

மூன்றாம் சூப்பர் பவுலில் தோற்ற அந்த பால்டிமோர் அணியின் குவாட்டர்பேக் எர்ல் மோரால். அந்த சீசன் முழுக்க, காயம்பட்ட ஜானி யூனிடாஸுக்குப் பதிலாக ஆடி, லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கியவர். இறுதிப்போட்டியின் முதல் பாதியில் மூன்று எறிகள் எதிரணி கைக்குப் போயின. அவற்றில் ஒன்றின்போது சக வீரர் ஜிம்மி ஓர் பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். மோராலின் கண்ணுக்கு அவர் படவில்லை. இரண்டாம் பாதியில் ஷூலா அவரை உட்கார வைத்துவிட்டு யூனிடாஸை இறக்கினார். இது நடந்த மைதானம் மயாமியின் ஆரஞ்ச் பவுல்.

1972 வசந்தத்தில் பால்டிமோர் மோராலை விடுவித்தது. அவருக்கு 38 வயது ஆகப்போகிறது. மற்ற வீரர்கள் முடியைத் தோள்வரை வளர்த்துக்கொண்டிருந்த காலத்தில் பழைய பட்டாளத்து வெட்டோடு திரிந்தவர். அப்படி விடுவிக்கப்படும் வீரரை எடுத்துக்கொள்ள அன்றைய கட்டணம் 100 டாலர். ஷூலா கட்டினார். மயாமியின் குவாட்டர்பேக் பாப் கிரீஸிக்கு 27 வயது, நல்ல ஆரோக்கியம். யாரும் அந்தச் செய்தியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கணக்கில் அந்த சீசனின் மிக முக்கியமான முடிவு அதுதான், முதல் ஆட்டத்துக்குப் பல மாதம் முன்னாலேயே எடுத்த முடிவு.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தன்னைச் சூப்பர் பவுலின் நடுவில் வெளியே அழைத்த பயிற்சியாளரிடமே மோரால் மறுபடி வேலைக்கு வந்தார். ஷூலாவும், தனக்குப் பெரிய தோல்வியைத் தேடித்தந்த ஆட்டத்தின் குவாட்டர்பேக்கையே தேடிப்போய் எடுத்தார். மனஸ்தாபத்தை மனதில் வைத்திருக்கும் இருவரால் இது முடிந்திருக்காது.

அணியின் மற்றவர்களும் இதே வகைதான். ஓடுகிறவர்களுக்கு வழி திறந்துவிடும் முன்வரிசையில் லாரி லிட்டிலையும் ஜிம் லாங்கரையும் கல்லூரி முடிந்தபோது எந்த அணியும் தேர்வில் எடுக்கவில்லை. லாங்கர் கிளீவ்லாந்தின் பயிற்சி முகாமில் கழிக்கப்பட்டவர். பாப் கூச்சென்பெர்க் சின்ன லீகில் ஆடிவிட்டு வந்தவர். பயிற்சியாளர் மான்டி கிளார்க் இவர்களை வைத்து அன்றைய லீகின் மிகச் சிறந்த முன்வரிசையைக் கட்டினார்; லிட்டிலும் லாங்கரும் பின்னாளில் தலைசிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றார்கள். தற்காப்பின் தலைவர் நிக் புவோனிகான்டியை உயரம் போதாது என்று பலர் ஒதுக்கியிருந்தார்கள். உதைப்பவர் காரோ யெப்ரேமியன் சைப்ரஸில் பிறந்த ஆர்மீனியர். டெட்ராய்ட் அவரைக் கைவிட்டிருந்தது.

முதல் ஐந்து வாரம்

செப்டம்பர் 17 அன்று கன்சாஸ் சிட்டியின் புத்தம்புது ஆரோஹெட் மைதானத்தில் 20-10 என்ற வெற்றியோடு சீசன் தொடங்கியது. ஹூஸ்டனை 34-13 என்று வென்றார்கள். மூன்றாம் வாரம் மினசோட்டாவில்தான் முதல் ஆபத்து. அங்கே மயாமியின் ஓட்டக்காரர் லாரி சோங்காவின் முதுகில் எதிரணியின் தற்காப்பு வீரர் ஒருவர் பின்னாலிருந்து முழு வேகத்தில் மோதினார். பந்தைப் பிடிக்கக் கையை நீட்டியிருந்த அந்த 107 கிலோ மனிதர் வில்லாக வளைந்து விழுந்தார். முதுகு உடைந்துவிட்டது என்று நினைத்தபடியே ஊர்ந்துதான் எல்லைக்கு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து ஆடினார்.

கடைசிக் கால் பகுதியில் மயாமி 14-6 என்று பின்தங்கியிருந்தது. யெப்ரேமியன் 51 யார்டிலிருந்து ஃபீல்டு கோல் அடித்தார். ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருக்கும்போது கிரீஸி எறிந்ததை மாற்று ஆட்டக்காரர் ஜிம் மாண்டிச் பிடித்தார். 16-14. இதில் தோற்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

அக்டோபர் 15, ஐந்தாம் வாரம், ஆரஞ்ச் பவுலில் சான் டியாகோவோடு ஆட்டம். கிரீஸி பந்தை எறிந்து முடிக்கும் நேரத்தில் ஒருவர் மேலிருந்தும் ஒருவர் கீழிருந்தும் மோதினார்கள். வலது கால் எலும்பு முறிந்து கணுக்கால் பிசகியது. மோரால் உள்ளே வந்தார். 24-10 என்று வென்றார்கள். மோரால் அடுத்த ஒன்பது லீக் ஆட்டங்களையும் தொடங்கினார். ஒன்பதும் வெற்றி.

இந்த ஒன்பதில் நான் இரண்டைத்தான் விரிவாகப் பார்க்கிறேன், மற்றவை பெரும்பாலும் ஒருபக்கமாகப் போனவை. நியூ இங்கிலாந்தை 52-0 என்று அடித்ததை விவரிக்க என்ன இருக்கிறது?

முதலாவது, மோரால் தொடங்கிய முதல் ஆட்டம். எதிரணி பலவீனமான பஃபலோ. மயாமி தடுமாறியது. அப்போது மயாமி தற்காப்பின் மேனி ஃபெர்னாண்டஸ் ஒரு காரியம் செய்தார். இவரும் கல்லூரித் தேர்வில் யாராலும் எடுக்கப்படாதவர், கண்பார்வை மட்டு. பஃபலோ குவாட்டர்பேக் டென்னிஸ் ஷா பந்தை ஓடுகிறவரிடம் கொடுக்கத் திரும்பினார். அந்த நொடியில் வரிசையைப் பிளந்து வந்த ஃபெர்னாண்டஸ், ஓடுகிறவருக்குப் போக வேண்டிய பந்தை ஷாவின் கையிலிருந்தே வாங்கிக்கொண்டது போல எடுத்துவிட்டார். அடுத்த முயற்சியிலேயே சோங்கா டச்டவுன் போட்டார். ஆட்டம் 24-23 என்று முடிந்தது. ஒரே ஒரு புள்ளி.

இரண்டாவது நவம்பர் 19, நியூயார்க் ஜெட்ஸ். ஜெட்ஸ் முன்னிலையில் இருந்தது. எறிய ஆள் கிடைக்காத ஒரு கட்டத்தில் மோரால் பந்தோடு தானே ஓடத் தொடங்கினார். 38 வயது, வேகத்துக்குப் பெயர் வாங்காத கால்கள், 31 யார்டு, டச்டவுன். அந்த சீசனில் ஓடி அவர் எடுத்த ஒரே டச்டவுன் அது. 28-24. அந்த ஆண்டு எறிதலின் தரவரிசையில் லீகிலேயே முதலிடம் மோராலுக்குத்தான்.

மூன்று பேர், இரண்டு இடம்

கிரீஸி விழுந்தும் அணி விழாததற்கு மோரால் பாதிக் காரணம். மறுபாதி, மயாமியின் ஆட்டமுறையே எறிதலை நம்பி இல்லை. தரையில் ஓடித்தான் முன்னேறுவார்கள். 14 ஆட்டங்களில் ஓடியே 2,960 யார்டு எடுத்தார்கள். அன்றைக்கு அது லீக் சாதனை.

நடுவில் முட்டிக்கொண்டு போக சோங்கா. அவர் பக்கத்தில் அதுவரை ஜிம் கீக் ஆடிவந்தார். சோங்காவின் நெருங்கிய நண்பர், பந்தைத் தவறவிடாதவர், ஒரு யார்டு தேவை என்றால் எப்படியாவது எடுப்பவர். வெளிப்புறமாக மின்னல் போல ஓடக்கூடிய மெர்க்குரி மோரிஸ் வெளியில் உட்கார்ந்து கசந்துகொண்டிருந்தார். 1972ல் ஷூலா அந்த இடத்தை இருவருக்கும் பகிர்ந்தார். எந்தச் சூழலுக்கு யார் என்பதை ஆட்டத்துக்கு ஆட்டம் முடிவு செய்தார். கீக்குக்கு இது பிடிக்கவில்லை, மோரிஸுக்கும் முழுத் திருப்தி இல்லை. இருவரும் அதைப் பேட்டிகளில் மறைக்கவும் இல்லை. ஆனால் மைதானத்தில் குறை வைக்கவில்லை. லீக் ஆட்டங்களில் மோரிஸ் 12 டச்டவுன் ஓடினார். பிளே ஆஃபும் சூப்பர் பவுலும் வந்தபோது, நெருக்கடியில் எல்லைக் கோட்டைத் தாண்டியவர் கீக். அதைப் பின்னால் பார்ப்போம்.

சீசன் முடிந்தபோது சோங்கா 1,117 யார்டு, மோரிஸ் 991. பஃபலோவில் நடந்த ஆட்டத்தில் கைதவறிய ஒரு பந்துக்காக மோரிஸின் கணக்கிலிருந்து 9 யார்டு கழித்திருந்தார்கள். அணி கேட்டுக்கொண்டதன் பேரில் லீக் படச்சுருளைப் போட்டுப் பார்த்து, அது அவர் தவறு இல்லை என்று 9 யார்டைத் திருப்பிக் கொடுத்தது. சரியாக 1,000. ஒரே அணியில் இருவர் ஆயிரம் யார்டைத் தொட்டது என்.எஃப்.எல். வரலாற்றில் அதுவே முதல் தடவை.

பெயர் தெரியாத தற்காப்பு

ஆறாம் சூப்பர் பவுலுக்கு முன்னால் டல்லாஸ் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி, மயாமி தற்காப்பு நன்றாக ஆடுகிறது, ஆனால் ஆட்களின் பெயர் தனக்கு நினைவில் இல்லை என்ற அர்த்தத்தில் பேசினார். 'பெயர் தெரியாத தற்காப்பு' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. தற்காப்பைக் கட்டியவர் பில் ஆர்ன்ஸ்பார்கர். அவருடைய முக்கியமான ஆயுதம் '53' என்று அழைக்கப்பட்ட வரிசை. பாப் மேத்திசன் என்ற ஆட்டக்காரரின் சட்டை எண் அது. மேத்திசன் முன்வரிசையில் இருந்து குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்வார், அல்லது பின்வாங்கி எறியைத் தடுப்பார். எதைச் செய்வார் என்று பந்து அசையும்வரை எதிரணிக்குத் தெரியாது. இன்று எல்லா அணிகளும் ஏதோ ஒரு வடிவில் இதைச் செய்கின்றன. அன்றைக்குக் குவாட்டர்பேக்குகள் குழம்பிப்போனார்கள்.

14 ஆட்டங்களில் மயாமி எடுத்தது 385 புள்ளி, கொடுத்தது 171. இரண்டிலும் லீகில் முதலிடம்.

கிளீவ்லாந்து, பிட்ஸ்பர்க்

டிசம்பர் 24 அன்று கிளீவ்லாந்து பிரவுன்ஸோடு பிளே ஆஃப் ஆட்டம். இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1970ல் கிளீவ்லாந்து எறிந்த பந்தைப் பிடிக்கும் தன் அருமையான ரிசீவர் பால் வார்ஃபீல்டை மயாமிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வாங்கிய தேர்வு உரிமையில் மைக் ஃபிப்ஸ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது. அந்த ஃபிப்ஸ்தான் இப்போது எதிரில் நிற்கிறார். அவர் எறிந்ததில் ஐந்து பந்துகள் மயாமி கைக்குப் போயின. அப்படியும் கடைசிக் கால் பகுதியில் கிளீவ்லாந்து 14-13 என்று முன்னால் போனது. சுமார் எட்டு நிமிடம் பாக்கி. மயாமி தன் 20 யார்டு கோட்டிலிருந்து 80 யார்டு போக வேண்டும். மோரால் வார்ஃபீல்டுக்கு ஒரு 15 யார்டு, ஒரு 35 யார்டு எறிந்தார். 8 யார்டு ஓடி முடித்தவர் கீக். 20-14.

அடுத்த ஆட்டம் பிட்ஸ்பர்க்கில். 15 ஆட்டம் தோற்காத அணி அரையிறுதிக்கு ஏன் வெளியூர் போக வேண்டும்? அன்றைய விதிப்படி மைதானம் சுழற்சி முறையில் ஒதுக்கப்பட்டது. வெற்றிக் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1975ல்தான் அதை மாற்றினார்கள்.

பிட்ஸ்பர்க் 7-0 என்று முன்னிலை. மயாமியின் முயற்சி தோற்று, பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுக்க வேண்டிய கட்டம். உதைப்பவர் லாரி சீப்பிள் பந்தை வாங்கியபோது ஒன்றைக் கவனித்தார்: பிட்ஸ்பர்க் ஆட்கள் உதை வரும் என்ற நினைப்பில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் உதைக்கவில்லை. பந்தை அணைத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னாலேயே ஓடினார். 37 யார்டு. பக்கத்தில் ஓடும்வரை அவர்களில் பலருக்கு அது தெரியவே இல்லை. பெஞ்சிலிருந்து யாரும் உத்தரவு போடவில்லை. பிடிபட்டிருந்தால் பழி முழுக்க அவர் தலையில் விழுந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் மோராலின் எறியைப் பிடித்து சோங்கா சமன் செய்தார்.

மூன்றாம் கால் பகுதியில் பிட்ஸ்பர்க் 10-7 என்று மறுபடி முன்னேறியது. மோராலின் ஆட்டம் எடுபடவில்லை. கால் முறிந்து பதினோரு வாரம் ஆன கிரீஸியை ஷூலா இறக்கினார். கிரீஸி வந்த சற்று நேரத்தில் வார்ஃபீல்டுக்கு எறிந்த பந்து 52 யார்டு போனது. கீக் இரண்டு டச்டவுன் போட்டார். 21-17.

அந்த இரண்டாம் தடவை

சூப்பர் பவுலை யார் தொடங்குவது? மோராலை வைத்து ஒரு லீக் ஆட்டம் கூடத் தோற்கவில்லை. நியாயம் என்று பார்த்தால் இடம் அவருக்கு. ஷூலா கிரீஸியைத் தேர்ந்தெடுத்தார். அதை மோராலிடம் நேரில் சொன்னார். நான்கு ஆண்டு இடைவெளியில் அதே பயிற்சியாளர், அதே மனிதரை, அதே அளவு பெரிய ஆட்டத்தில் இரண்டாம் முறை உட்கார வைக்கிறார். மோராலுக்கு வலித்தது. அவர் வழக்காடவில்லை, பத்திரிகைகளிடம் போகவில்லை. கிரீஸிக்குத் தயாராக உதவினார். இந்த சீசனில் என்னை அதிகம் கவர்ந்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு அணி உள்ளுக்குள் இரண்டாகப் பிளக்க எல்லாக் காரணமும் இருந்தது. அது பிளக்கவில்லை.

1973 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம், 90,182 பேர், சுமார் 29 டிகிரி வெயில். எதிரில் ஜார்ஜ் ஆலன் பயிற்றுவித்த வாஷிங்டன். 16-0 என்ற கணக்கோடு வந்தும் பந்தயக்காரர்கள் லேசாக வாஷிங்டன் பக்கமே சாய்ந்தார்கள். ஷூலாவின் பழைய இரண்டு தோல்விகளும் அந்தக் கணிப்பில் இருந்தன.

கிரீஸி மொத்தம் 11 முறைதான் எறிந்தார், 8 சக வீரர்கள் கைக்குப் போனது. முதல் டச்டவுன் ஹோவர்ட் ட்விலிக்கு 28 யார்டு. புவோனிகான்டி ஒரு எறியைப் பறித்துத் தந்ததில் பாதி நேரத்துக்குச் சற்று முன் கீக் 1 யார்டு ஓடி இரண்டாவதை எடுத்தார். 14-0. சோங்கா 112 யார்டு ஓடினார். ஃபெர்னாண்டஸ் வாஷிங்டனின் ஓட்டங்களை நடுவில் மறித்துக்கொண்டே இருந்தார். அன்றைய சிறந்த வீரர் விருது அவருக்குப் போயிருக்க வேண்டும் என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சி. விருது மயாமி தற்காப்பின் ஜேக் ஸ்காட்டுக்குப் போனது. கடைசிக் கால் பகுதியில் வாஷிங்டன் எல்லைக்கு அருகே வந்தபோது, அதன் குவாட்டர்பேக் பில்லி கில்மர் தனியாக நின்ற ஆளுக்கு எறிந்த பந்து கம்பத்தில் பட்டு விழுந்தது. அந்நாளில் கம்பங்கள் எல்லைக் கோட்டின் மேலேயே நின்றன. அடுத்த எறியை ஸ்காட் பறித்து 55 யார்டு கொண்டுபோனார்.

இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் பாக்கி. யெப்ரேமியன் 42 யார்டு ஃபீல்டு கோலுக்கு வந்தார். போயிருந்தால் 17-0 சீசன் 17-0 என்ற கணக்கிலேயே முடிந்திருக்கும். பந்தைப் பிடித்து வைத்தவர் மோரால். உதை தாழ்வாகப் போனது, வாஷிங்டனின் பில் பிரண்டிஜ் தடுத்தார், பந்து துள்ளி யெப்ரேமியனிடமே வந்தது. அதன் மேல் விழுந்து படுத்திருந்தால் போதும். அவர் அதை எடுத்துக்கொண்டு ஓடி, எறியப் பார்த்தார். பந்து கையிலிருந்து வழுக்கி மேலே போனது. தட்டிவிடப் பார்த்தார், இன்னும் உயரப் போனது. வாஷிங்டனின் மைக் பாஸ் அதைப் பிடித்து 49 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 14-7.

இப்போது முழு ஆண்டும் ஒரே ஒரு தடுப்பில் நின்றது. வாஷிங்டனுக்குத் தன் 30 யார்டு கோட்டில் பந்து கிடைத்தபோது 1 நிமிடம் 14 நொடி இருந்தது. இரண்டு எறி வீண். மூன்றாவதில் 4 யார்டு பின்னால் போனார்கள். நான்காவதில் பில் ஸ்டான்ஃபிலும் வெர்ன் டென் ஹெர்டரும் கில்மரைச் சாய்த்தார்கள்.

எதிர்வாதம்

இந்த சீசனைக் குறைத்துப் பேசுகிறவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. லீகில் மயாமி சந்தித்த அணிகளில் தோல்வியைவிட வெற்றி அதிகம் வைத்திருந்தவை இரண்டுதான்: கன்சாஸ் சிட்டி, நியூயார்க் ஜயன்ட்ஸ். இரண்டுமே 8-6. அட்டவணை சுலபம் என்பது மறுக்க முடியாதது. ஆனால் அட்டவணையை அணி போடுவதில்லை. பிளே ஆஃபில் வந்த கிளீவ்லாந்து, பிட்ஸ்பர்க், வாஷிங்டன் மூன்றும் தலா 10 வெற்றியாவது பெற்றிருந்தவை. சுலபமான அட்டவணை கிடைத்த அணிகள் வேறு எத்தனையோ உண்டு. ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை சறுக்கின.

அந்த ஆட்டத்தின் விலையையும் சொல்லியாக வேண்டும். மோரால் 2014ல் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்ததில், தலையில் திரும்பத் திரும்ப விழும் அடியால் வரும் சி.டி.இ. நோய் அதன் மிகக் கடுமையான நிலையில் இருந்தது தெரிந்தது. புவோனிகான்டி தன் நினைவு தேய்வதைப் பகிரங்கமாகச் சொல்லி, மூளையை ஆராய்ச்சிக்குத் தருவதாக 2017ல் அறிவித்தார், 2019ல் காலமானார். சோங்கா முதுகில் அடிபட்டுத் திரும்பி வந்து ஆடியதை வீரம் என்று எழுதுகிறோம், நானும் மேலே அப்படித்தான் எழுதினேன். இன்றைய விதிகளில் அப்படி ஒருவரை அவ்வளவு லேசாகத் திரும்ப விடமாட்டார்கள், விடவும் கூடாது.

1973ல் அதே அணி இரண்டாம் வாரமே ஓக்லாந்திடம் 12-7 என்று தோற்றது. ஆனால் 15-2 என்று முடித்து, மினசோட்டாவை 24-7 என்று வென்று பட்டத்தையும் தக்கவைத்தது. அந்த இரண்டு ஆண்டும் ஆடியவர்களில் பலர் 1973 அணிதான் பலமானது என்று சொல்லியிருக்கிறார்கள். மொத்தப் பலத்தில் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். அப்படியென்றால் 1972ல் தோற்காமல் இருந்ததற்குக் காரணம் பலம் மட்டும் இல்லை என்றாகிறது.

2007ல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 589 புள்ளி குவித்து, லீகில் 16, பிளே ஆஃபில் 2 என்று 18 வெற்றிகளோடு சூப்பர் பவுலுக்கு வந்தது. மயாமியைவிடப் பயங்கரமான தாக்குதல் அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நியூயார்க் ஜயன்ட்ஸ் கடைசி 35 நொடி இருக்கும்போது டச்டவுன் போட்டு 17-14 என்று வென்றது. 2021லிருந்து லீகில் 17 ஆட்டம். பிளே ஆஃபில் முதல் சுற்று ஓய்வு கிடைத்தாலும் 20 ஆட்டங்களை வென்றால்தான் ஒரு அணி இந்தப் பட்டியலில் சேர முடியும்.